சேற்று விறாந்தையில் ஒரு தூது

தூது போகிற வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

நல்ல செய்தி என்றால் அவரவரே போனில் சொல்லிவிடுவார்கள். கெட்ட செய்திக்குத்தான் ஆள் தேடுவார்கள். அந்த ஆள் எப்போதும் நான்தான். "நீ பேப்பர்ல எழுதுற ஆள். உனக்குத்தான் பக்குவமாச் சொல்லத் தெரியும்" என்பார்கள். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருகிற உங்களுக்குத் தெரியாதா, என் பக்குவம்?

போன கிழமை சித்தாண்டிக்குப் போனேன். என் சின்னம்மாவின் மகள் புவனம் அங்கேதான் இருக்கிறாள். வெள்ளம் வடிந்து பாதை திறந்ததும் பருப்பு, சீனி, பாய், பெட்ஷீட் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டிக்கொண்டு புளியந்தீவில் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வளவுக்குள் கால் வைத்ததும் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. தோண்டி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், வீட்டுக்கு முன்னால் நின்றபடியே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணறு தெரிகிறது. அதெப்படி? நடுவில் ஓர் அறை இருக்க வேண்டுமே?

அறை இருந்தது. அதன் பின்சுவர்தான் இல்லை.

"வா அண்ண. இனிக் கிணத்தடிக்குப் போகக் கதவு தேவையில்ல, பாத்தியா?" என்றாள் புவனம். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

அழாமல் என்ன செய்வாள்? தை மாதம் அவளுடைய ஒரே மகள் தர்சினிக்குக் கலியாணம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பக்கத்தில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அதனால் பெண் பிறந்தால் எங்கள் தாய்மாருக்குத் தொட்டில் ஞாபகம் வருவதற்கு முன்பே சீமெந்து ஞாபகம் வந்துவிடும். புவனமும் புருஷனும் இந்த வீட்டை ஒவ்வொரு போகமாகக் கட்டினார்கள். ஒரு போகத்து நெல்லில் அத்திவாரம், இன்னொன்றில் சுவர், இன்னொன்றில் கூரை. கடைசியாக மகளுக்கென்று ஆசையாகக் கட்டிய அறையைத்தான் வெள்ளம் தேடிப் பிடித்திருக்கிறது.

புருஷன் வீட்டில் இல்லை. வயலில் வரம்பெல்லாம் உடைந்து கிடக்கிறது, மறுபடி விதைக்க முடியுமா என்று பார்க்க வட்டைக்குப் போயிருந்தார்.

"அண்ண, நீ கரடியனாத்துக்குப் போகணும்" என்றாள் புவனம். மாப்பிள்ளை வீடு அங்கேதான். "கலியாணத்தத் தள்ளி வைப்பம் எண்டு பக்குவமாச் சொல்லு. இடிஞ்ச வீட்டக் காட்டியா புள்ளையக் குடுக்கிற?"

வந்ததா? நான் சொன்னேனே!

"எப்பவுக்குத் தள்ளுற?"

"ஆவணிக்கு."

"ஆவணிக்கு மாப்பிள்ளை நிப்பாரா?"

மாப்பிள்ளை சுதனுக்குக் கட்டாரில் மேசன் வேலை. கலியாணத்துக்கென்று கெஞ்சி வாங்கிய லீவு. அது முடிந்தால் மறுபடி எப்போது வருவார் என்பது கம்பனிக்குத்தான் தெரியும். அதற்குள் அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டால்? இதெல்லாம் புவனத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறாள். குசினிக்குள் தர்சினி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் உழவு மெசின் வந்து நின்றது. பின்னால் கொழுவிய பெட்டியிலிருந்து நாலைந்து பொடியன்கள் மண்வெட்டிகளோடு குதித்தார்கள். இது இப்போது புதினம் இல்லை. முதல் நாள் ஏறாவூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து கிணறு இறைத்துக் கொடுத்துவிட்டுப் போனதாம். காத்தான்குடியிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் வந்ததாம். நீ ஆர், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. வருகிறார்கள், அள்ளுகிறார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

புவனம் கண்ணைத் துடைத்தாள். அடுத்த நிமிடம் வேலை வாங்குகிற ஓவசியர் ஆகிவிட்டாள்.

"மனே, நீலச் சேட்டு! அந்த விறாந்த மூலைக்குள்ள சேறு கிடக்கு. அள்ளு."

நீலச் சேட்டுப் போட்டிருந்த பொடியன் அள்ளினார்.

"ஒள்ளுப்பம், கொஞ்சமாவது குனிஞ்சு அள்ளு மனே. முதுகு தேஞ்சா போயிரும்? வீட்டில துரும்பு தூக்காத புள்ள போல... உன்னக் கட்டப் போறவள் பாவம்!"

குசினிக்குள் தர்சினிக்கு இருமல் வந்தது.

வெள்ளம் வந்து போன வீட்டில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தோடு சண்டை போட முடியாது. சேற்றை ஏச முடியாது. யாராவது ஒருவரை அதட்டினால்தான் மனம் கொஞ்சம் ஆறும். புவனத்துக்கு அன்று நீலச் சேட்டு அகப்பட்டார். அதட்டுகிற இடைவெளியில் என்னையும் விடவில்லை. "இண்டைக்கே போ அண்ண. அவங்க வந்து பாத்து வேணாம் எண்டு சொன்னா என்ர புள்ள தாங்காது. அதுக்கு முன்ன நாமளாச் சொல்லிட்டா மானம் மிஞ்சும்."

நீலச் சேட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிற மனே? சேறு தானா எழும்பிப் போகுமா?"

தர்சினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் தட்டை நீட்டினாள். நீலச் சேட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

"அது என்ன, அவனுக்கு மட்டும் வேறயா?"

"அவர் சீனி போட மாட்டாரும்மா."

"உனக்கு எப்பிடிகா தெரியும்?"

தர்சினி நிலத்தைப் பார்த்தாள். நீலச் சேட்டும் நிலத்தைப் பார்த்தார். நிலத்தில் பார்ப்பதற்குச் சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

புவனம் மாப்பிள்ளையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தில் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, முகம் நிறையத் தாடி. வீடியோ கோல் வந்தாலோ, "மருமகனுக்கு முன்ன எப்பிடி நிக்கிற?" என்று வெட்கப்பட்டுக் குசினிக்குள் ஓடிவிடுவாள். வருகிற கிழமைதான் வருவார் என்று நினைத்திருந்தாள். அவர் என்னடாவென்றால் வெள்ளம் என்று கேள்விப்பட்டு, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, தாடியையும் எடுத்துவிட்டு, நீலச் சேட்டோடு வந்து நிற்கிறார்.

"ஐயோ கடவுளே!"

தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் பாய்ந்தாள் புவனம். "மருமகனப் போயி... குனிஞ்சு அள்ளு எண்டு சொல்லிட்டனே!"

சுதன் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க கரடியனாத்துக்குப் போக வேணாம். நான் எல்லாம் கேட்டுட்டன். எங்கட வீட்டுக்குள்ளயும் முழங்கால் தண்ணிதான். அங்க கழுவி முடிச்சிட்டுத்தான் கூட்டாளிமாரோட இஞ்ச வாறன்."

"சுவர்..." என்று இழுத்தேன். பக்குவமாக.

"விழுந்தாக் கட்டுவம். கட்டார்ல ஆர் ஆருக்கோ கட்டிக் குடுக்கிறன், நான் இருக்கப் போற வீட்டக் கட்ட மாட்டனா? முந்தி அந்தச் சுவரில ஜன்னல் இல்லயாம், வேர்த்துக் கொட்டுமாம். தர்சினி சொன்னா. இந்த முற ஒண்டு வைப்பம். கலியாணம் தையிலதான், மாமா."

கதவுக்குப் பின்னால் விம்முகிற சத்தம் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணி சுடுகிறது என்று சமாளித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு பேசியது.

"அண்ண... ஜன்னல் சின்னதாப் போதும் எண்டு சொல்லு. தூவானம் அடிக்கும்."

மருமகனோடு மாமியார் நேரே கதைப்பதாவது? நடுவில் ஓர் ஆள் வேண்டும். நான் இருக்கிறேனே!

"சின்னதாப் போதுமாம்" என்றேன். அவருக்கு ஏற்கனவே நன்றாகக் கேட்டிருந்தது.

"பெரிசா வைப்பம், மேல தகரம் ஒண்டு இறக்கினாச் சரி எண்டு சொல்லுங்க மாமா."

"பெரிசா வைக்கலாமாம்" என்றேன் கதவிடம். அதற்கும் கேட்டிருந்தது.

இப்படியே கதவின் நிறம், குடில் போடுகிற இடம், பந்தல் எந்தப் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. கரடியனாற்றுக்குப் போயிருந்தால்கூட எனக்குத் தொண்டை இவ்வளவு வறண்டிருக்காது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது. மிகவும் தயங்கி, மிகவும் மரியாதையாக.

"அண்ண... அந்த மூலைக்குள்ள இன்னும் ஒள்ளுப்பம் சேறு கிடக்கு எண்டு சொல்லு."

பக்குவமாகச் சொன்னேன்.