பாதி தைத்த முகம்

என் கணவருடைய நெற்றி, மஞ்சள் பூப்போட்ட பாவாடைத் துணி. கன்னம், அவருடைய பழைய நீலக்கட்டம் போட்ட லுங்கி. மூக்குக்குக் கீழே விழும் நிழலுக்கு என் கரும்பச்சை ஜாக்கெட். துண்டுத் துணிகளை வைத்துப் போர்வையில் முகம் தைக்கும்போது நிறம் முக்கியமில்லை, எது வெளிச்சம், எது இருட்டு என்பதுதான் முக்கியம் என்று யூடியூபில் ஒரு அம்மாள் சொல்லிக் கொடுத்தார். போட்டோவைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, வெளிச்சத்துக்கு வெளிர்துணி, இருட்டுக்கு அடர்துணி என்று வெட்டி வைக்க வேண்டும். கிட்டே நின்று பார்த்தால் டெய்லர் கடைக் குப்பை மாதிரி இருக்கும். தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கினால் மனுஷன் தெரிவார்.

அதுவரை பூ, மயில், அடுப்படி ஜன்னலுக்கு வரும் காக்கை என்று பொழுதுபோக்காகத் தைத்துக்கொண்டிருந்தவள் நான். திடீரென்று அவர் முகத்தை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று போனவரை எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பைபாஸ் செய்ய வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே துணியை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். பயத்திலா, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமலா? கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. நான் விழித்திருக்கும் நேரத்தில் பாதி அவர் தூங்குவார். போட்டோவை மேஜையில் விரித்தபோது, இந்த மனுஷனுக்கு இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கிறதே, இது எப்போதிலிருந்து என்று திகைத்துப் போனேன். யாரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்றே சந்தேகம் வந்துவிட்டது.

வலது பாதியைத் தைத்து முடித்தேன். இடது பாதி குண்டூசியில்தான் நின்றது, அந்தப் பக்கக் கண்ணை இன்னும் வைக்கவில்லை. தள்ளி நின்று பார்ப்பதற்கு எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே இடம், அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் ஹால் சுவர். அதில் இரண்டு ஆணிகள். ஒன்றில் பிளாஸ்டிக் மாலையோடு காலஞ்சென்ற மாமனார் படம். இன்னொன்றில் காலண்டர். காலண்டரைக் கழற்றிவிட்டுப் போர்வையை மாட்டினேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கன்னத்து நிழல் சரியா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அன்றைக்குப் பார்த்துக் கம்மாபுரத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார், ஆபரேஷனுக்கு முன்னால் தம்பியை ஒரு நடை பார்த்துவிட்டுப் போக. பை நிறைய முருங்கைக்காய், முந்தானை முடிச்சில் கோயில் விபூதி. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? எங்கப்பா பக்கத்துல எந்தம்பிய மாட்டி வெச்சிகினு நிக்கிற?"

"அது போர்வைங்க அண்ணி. தள்ளி நின்னு பாக்கறதுக்காக..."

"உசுரோட இருக்கிறவன செவுத்துல ஏத்திட்டு, தள்ளி நின்னு வேற பாக்கறியா? நெஞ்ச அறுக்கப் போற நேரத்துல! பிரிச்சிப் போடு மொதல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தைத்த கைக்குத்தானே அதன் அருமை தெரியும்? ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் வெளிச்சம் இருட்டு எதுவும் தெரியவில்லை. மாலையும், மாலைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கண்ணோடு என் புருஷனும்தான் தெரிந்தார்கள்.

பிரித்தே விடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கே வைப்பது? கன்னத்திலா, கழுத்திலா? ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் கத்தி வைக்கப் போகிறார், அதற்கு முன்னால் நான் கத்தரி வைப்பதா? அண்ணிக்கும் அதே எண்ணம் ஓடியிருக்க வேண்டும். ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயய்யோ வேணாம், வெட்டாத."

"அப்ப தைச்சு முடிச்சிடட்டுங்களா?"

"முடிச்சா எங்கப்பாது மாதிரி முழுப்படமா ஆயிடுமே!"

"இப்படியே மடிச்சு வெச்சிடவா?"

"ஒத்தக் கண்ணோடயா?"

பிரித்தாலும் குற்றம், முடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சத்தம் கேட்டு உள்ளே படுத்திருந்த அவர் எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யாரு இது, எங்க சித்தப்பாவா?"

"நீங்கதாங்க."

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா ஆயிடுச்சு போ" என்று சிரித்தார். அவர் சிரித்தது எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. "போர்வைதான? பைல வை. ஆஸ்பத்திரில ஏசி போட்டே ஆளக் கொல்லுவாங்க."

"வாயக் கழுவுடா!" என்று அண்ணி அலறினார்.

ஆபரேஷன் அன்றைக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், வெளித்துணி எதையும் உள்ளே விடமாட்டோம் என்று போர்வையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெளியே நாற்காலியில் அண்ணியும் நானும், என் மடியில் போர்வை. குண்டூசி தொடையில் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்துக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை. அண்ணியின் உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தினார். போர்வையை இழுத்து விரித்து, கண் வைக்காத இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஊசி எடுத்தாந்தியா?"

"பைல இருக்குங்க."

"தெய்யி."

"அண்ணி, நீங்கதான..."

"தெய்யின்றேன். உள்ள அவன் கண்ண மூடிகினு கெடக்கறான். இங்கயாவது தொறந்து வையி."

துணி சுருங்காமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கருவிழிக்கு மேல் அரிசியளவு வெள்ளைத்துணி வைத்தால்தான் முகத்துக்குப் பார்வை வரும். தையல் கோணல்மாணலாகப் போனது. நான் வேண்டிக்கொள்கிறேனா, வினையை இழுத்துக்கொள்கிறேனா, ஒன்றும் புரியவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்து நர்ஸ் அவர் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்றார். நான் எழுந்தேன். போர்வையின் மறுமுனை அண்ணியின் பிடியில் இருந்ததால் அவரும் எழுந்தார். இரண்டு பேரும் போர்வையைப் பிடித்தபடி அங்கேயே நின்றோம். நர்ஸ்தான் எங்களிடம் வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சிதும்மா. அப்புறமா ஒவ்வொருத்தரா பாக்கலாம்."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் நான் அன்னிக்கே சொன்னேன், சீக்கிரம் தெச்சி முடின்னு."

அவர் நினைவு பிசகா, என் நினைவு பிசகா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

"ஆமாங்க அண்ணி" என்றேன்.