அத்தை வீட்டு ஸ்பீக்கருக்கு மூச்சு வந்த கதை

என் அத்தை புஷ்பலதா மலேசியாவில், ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கூரை ஒழுகும் என்பதால், எதை வாங்கினாலும் முதலில் பிளாஸ்டிக் போட்டு மூடுகிற வீடு. தாமான் குடியிருப்பில் கல்வீடு வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோபாவுக்குப் பிளாஸ்டிக், ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக். மாமா மகேந்திரன் அசைந்துகொண்டே இருப்பதால் தப்பித்தார்.

அத்தை தன் முதல் போனஸில் வாங்கியது ஓர் அம்ப்ளிஃபயரும் இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டும். சிடி பெட்டி செத்துப்போனதிலிருந்து அவை சும்மா நின்றன.

“சனிக்கிழம பழைய இரும்பு லோரி வரும். ஏத்தி விட்டுரலாம்லா. கையளவுல ஒன்னு வாங்கிக்கலாம்” என்றார் மாமா.

“லோரி வரட்டும். அதுக்குள்ள இது பாடும்.”

அத்தை ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தார். பாட்டைச் சுருக்காமல் முழுசாக அனுப்புகிற இணையச் சேவை ஒன்றில் சந்தாவும் கட்டினார். பெட்டி வைஃபையில் பாட்டைப் பிடித்து, சிவப்பு வெள்ளை வயர் வழியாகப் பழைய அம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். சனிக்கிழமை காலை தானே மாட்டி, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார்.

சத்தம் வந்தது. ஆனால் மந்தமாக வந்தது.

“இதுக்கா சந்தா?” என்றார் மாமா.

“வித்வானுக்குக் காய்ச்சல் மாமா. போர்த்திக்கிட்டு வாசிக்கிறாரு” என்றேன் நான்.

“வாய மூடுடா, குரங்கு!”

திட்டிவிட்டு அத்தை ஸ்பீக்கர் முன்னால் குந்தினார். கையை வைத்துப் பார்த்தார். வாங்கிய நாளில் போட்ட தடித்த பிளாஸ்டிக், பாட்டுக்கு ஏற்றபடி விரலுக்கடியில் அதிர்ந்தது. எத்தனையோ வருஷமாகப் பாட்டைத் தடுத்தது அதுதான்.

கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்தவர் வெட்டவில்லை. தெருமுனையில் லோரியின் ஒலிபெருக்கி கேட்டது.

வெட்டினார். இரண்டையும்.

அடுத்த பிடிக்கு முன்னால் வித்வான் மூச்சிழுப்பது கேட்டது. தவில் நெஞ்சில் வந்து விழுந்தது. நின்றுகொண்டிருந்த மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் லோரி நின்றது. “ஆடா பாராங்?” பழைய சாமான் இருக்கிறதா என்று லோரிக்காரர் கேட்டார்.

“தாக் ஆடா! தாக் ஆடா!” ஒன்றுமில்லை என்று மாமா இரண்டு கையையும் ஆட்டினார்.

“ஏங்க, ஏத்தி விடலாம்னீங்களே?”

“சும்மா இருலா. மொதல்லருந்து போடு.”

அத்தை போட்டார். இந்தத் தடவை எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.