குடை அகல நடைபாதை

கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவிலிருந்து நூலகம் வரைக்கும் நடைபாதை உண்டு, நடுவே டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் சாலையில் இறங்கிப் பேருந்துகளோடு நடக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் என் மனைவிக்கு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குத் தனியாகப் போய்வந்தால்தான் தேறியதாகக் கணக்கு.

வார்டு கூட்டத்தில் நான் எழுந்து, அந்த இடைவெளியைப் பற்றி, படித்த புத்தகங்களிலிருந்தெல்லாம் மேற்கோள்களைக் கொட்டிப் பேசினேன். பலத்த கைதட்டல். பொறியாளர் பொறுமையாகச் சொன்னார்: "சார், இந்தப் பக்கம் நம்ம வார்டு, அந்தப் பக்கம் அடுத்த வார்டு. ரெண்டு எஸ்டிமேட்டும் டிரான்ஸ்பார்மர் வரைக்கும்தான். அடுத்த வருஷ ஃபண்டுல பாக்கலாம்."

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"கை தட்டினாங்க."

"அதுமேல நடக்கலாமா?"

மறுநாளிலிருந்து நானும் கூடவே போகிறேன். அந்த இடம் வந்ததும் குடையை விரித்துச் சாலைப் பக்கமாக நீட்டிக்கொள்வேன். வண்டிகள் கொஞ்சம் விலகும். "இன்னா பெர்சு, மழையா பெய்து? ஓரமா போ!" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கத்தினார். ஓரம்தான் இல்லை என்று விளக்குவதற்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் வெளியூர் போக வேண்டும். "குடையை மட்டும் வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். வாக்கருக்கே இரண்டு கையும் வேண்டும். குடையைப் பரணில் ஒளித்துவைத்தேன். குடை இல்லாமலும் அவள் கிளம்பிவிடுவாள் என்பது, ஏணியிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது.