பட்டாணியளவு சுரப்பியும் என் நோயாளிகளும்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பட்டாணியளவுதான். அது சோர்ந்தால் ஆளே சோர்ந்துவிடுவார். காரணத்தைத் தேடி எங்களைப் போன்ற ஹார்மோன் டாக்டர்களும் சோர்ந்துவிடுவோம். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சால்வை

செல்விக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவர் கொல்கத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்; வீடு பக்கத்திலேயே கிடர்பூரில். மே மாதப் புழுக்கத்தில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். ரத்தசோகை, மனச்சோர்வு என்று பல டாக்டர்கள் பார்த்தாயிற்று. "பிரசவம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ரத்தம் நிக்கவே இல்ல டாக்டரம்மா. பிழைச்சதே பெருசு. பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் வரல. தீட்டும் அதோட நின்னுபோச்சு."

பிரசவத்தில் ரத்தம் கொட்டியதில் சுரப்பி செத்துப்போயிருந்தது. ஒரு ஹார்மோன் அல்ல, பலவும் ஒருசேரக் குறைந்துபோகும் வகை இது. முதலில் கார்ட்டிசால் மாத்திரை, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. அந்த உடம்போடு சமைத்து, துவைத்து, பிள்ளையையும் வளர்த்திருக்கிறாளே என்றுதான் நான் மலைத்துப்போனேன். சில வாரம் கழித்து, பருத்திப் புடவையில், தெம்பாக வந்து உட்கார்ந்தாள். "இந்த வியாதி பேரைப் பெருசா எழுதிக் குடுங்க டாக்டரம்மா, என்னைச் சோம்பேறின்னவங்க வீட்டுக் கதவுலயெல்லாம் ஒட்டணும்!"

ஊசி

டாக்குரியா பக்கத்திலிருந்து வரும் சிறுமி மீராவுக்குப் பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் ஒன்று மட்டும்தான் குறைவு. மற்றவை ஒழுங்காகச் சுரந்தன. தினமும் ஊசி போடவேண்டும். வங்கி அதிகாரியான அப்பாவுக்கோ சிரிஞ்சைக் கண்டாலே வியர்த்துவிடும். நர்ஸ் அவருக்குக் கற்றுக்கொடுக்க, பக்கத்தில் நின்ற மீராதான் கற்றுக்கொண்டாள். தொடையில் தானே குத்திக்கொள்ளும் முன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "பாபா, நீங்க கண்ணை மூடிக்கோங்க. முடிஞ்சதும் சொல்றேன்."

மேலிடம்

நியூ டவுனில் குடியிருக்கும் ராமநாதன் சார் சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். மூளையில் கட்டி எடுத்தபின் அவருக்கு ஹார்மோன்கள் குறைந்தன. "உங்க பிட்யூட்டரி நல்லாத்தான் இருக்கு சார். அதுக்கு மேலே ஹைபோதாலமஸ்னு ஓர் இடம். உத்தரவு அங்கேயிருந்துதான் வரணும். அதுதான் பழுதாகியிருக்கு" என்றேன். ஆயுள் முழுக்க மாத்திரை, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு அளவு என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அழுதுவிடுவாரோ என்று பயந்த என்னைப் பார்த்து அவர் கடகடவென்று சிரித்தார். "கீழே ஆள் தயாரா இருப்பான், மேலேருந்து ஆர்டர் வராது. சர்வீஸ் பூரா இதைத்தானேம்மா பார்த்தேன்!"

சுரப்பியின் குறைகளை வகை வகையாகப் பிரித்துவைத்திருக்கும் எங்கள் பாடப்புத்தகங்கள், இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டன.