அன்னம்மாள் மிஷின் பார்த்த கதை

தொம்மலூரில் மரம் வெட்டும் உத்தமனைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவன் பெண்டாட்டி அன்னம்மாளின் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. உத்தமன் மரத்தில் ஏறுவான், அன்னம்மாள் கீழே நின்று ஏசுவாள். தொழில் அப்படித்தான் நடந்தது. முன்பெல்லாம் கூலியும் உத்தமன்தான் பேசினான். "பாத்துப் போட்டுக் குடுங்க சார்" என்பதற்கு மேல் அவனுக்குப் பேரம் வராது. எல்லோரும் பார்த்தார்கள், போட்டுத்தான் கொடுக்கவில்லை. அதன் பிறகு கூலி பேசுவது, ஆள் பிடிப்பது, லாரிக்காரனோடு சண்டை போடுவது எல்லாம் அவள் பொறுப்பாயிற்று.

மரத்தின் மேல் உத்தமன் அணில். தரையில் இறங்கிவிட்டால் அவனைப் போன்ற அவசரக்குடுக்கை பெங்களூரிலேயே கிடையாது. ரம்பம் ஓடும்போதே குச்சியை எடுப்பான், சிக்கியதைக் காலால் உதைப்பான். "எனக்கு ஒண்ணும் ஆவாது" என்பது அவன் வேதவாக்கு. அதை நம்பி இடதுகைச் சுண்டுவிரலில் பாதி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் வைட்ஃபீல்டில் அடுக்குமாடிகள் காளான் மாதிரி முளைத்தன. அவற்றில் ஒன்றுக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அது அவருக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. வெட்டிய கிளைகள் வாசலில் குவியக் கூடாது, அங்கேயே அரைத்துச் செடிகளுக்குப் போட்டுவிட வேண்டும், அதற்கு மிஷின் வைத்திருப்பவருக்குத்தான் வருஷ ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் வருஷம் முழுக்க ஆட்களுக்குச் சோறு. கிடைக்காவிட்டால் தெருத்தெருவாகத் தென்னைமட்டை கழிக்க வேண்டியதுதான்.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒஸ்கோட்டே சாலையில் மிஷின் விற்கும் ஸ்ரீஹர்ஷாவின் கிடங்குக்குப் போனார்கள். அன்றைக்கு ஆயுத பூஜை. விற்பனைக்கு நின்ற மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கிளை நுழைக்கும் வாயின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது.

அரைக்கும் மிஷின் இரண்டு இருந்தன. சிவப்பு மிஷின் பழசு, ஆனால் ராட்சச வாய். தொடை கனத்துக் கட்டையைத் தானே இழுத்து விழுங்கும். பச்சை மிஷின் சின்னது. முழங்கை கனத்துக்கு மேல் உள்ளே போகாது. கிளையைப் பிடித்து இழுக்கும் உருளை அதற்கு உண்டு. வாயைச் சுற்றி இருந்த இரும்புக் கம்பியைத் தட்டினால் அந்த உருளை நின்றுவிடும். சிவப்பில் அந்தக் கம்பி கிடையாது.

"நோடிம்மா, நல்லா பாருங்க, சிவப்பு ராஜா மாதிரி," என்றான் ஸ்ரீஹர்ஷா.

உத்தமன் சிவப்பைப் பெண் பார்க்க வந்தவன் போல் பார்த்தான். "அன்னம், இது நிக்குற தோரணையப் பாரு. பச்சை இன்னா, முறுக்கு அச்சு மாதிரி கீது."

பூஜை நாளில் மிஷினைச் சும்மா நிறுத்தக் கூடாது, ஒரு சுற்றாவது ஓட வேண்டும். கற்பூரம் காட்டியதும் ஸ்ரீஹர்ஷா சிவப்பை முடுக்கினான். கட்டிய வாழைக்கன்றை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. சாமிக்குக் கட்டியதை யார் அவிழ்ப்பார்கள்? ஒரு இலை காற்றில் ஆடி வாய்க்குள் போனது. பின்னாலேயே கன்றும் சாய்ந்தது.

"ஐயோ, பூஜைக் கன்னு!" என்று பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்தான் உத்தமன். நல்ல நாளும் அதுவுமாக மங்கலப் பொருள் அரைபடக் கூடாதாம். மிஷின் கன்றை இழுத்தது. கன்றோடு அவனையும் இழுத்தது. விடு என்று எல்லோரும் கத்த, பக்திமான் விடவில்லை. அன்னம்மாள் பின்னாலிருந்து அவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். லுங்கி அவளோடு வந்துவிட்டது, அவன் வரவில்லை. நல்லவேளை, வாழைத்தண்டு பாதியில் பிய்ந்தது. பட்டாபட்டி டிராயரோடு மல்லாந்து விழுந்தான். சிவப்பு மிஷின் மிச்சக் கன்றைத் தின்று அவன் மேலேயே துப்பியது.

கிடங்கே சிரித்தது. உத்தமனும் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் ஆவல பாத்தியா!"

அன்னம்மாள் சிரிக்கவில்லை. லுங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். உயிரே போய்விட்டது அவளுக்கு. பிறகு எழுந்து லுங்கியை அவன் மூஞ்சியில் எறிந்தாள், அவன் வம்சத்தையே வரிசையாக இழுத்து ஏசினாள். பச்சை மிஷினை ஓட்டச் சொல்லி, ஒரு கிளையைக் கொடுத்து, இடுப்பால் கம்பியை இடித்தாள். உருளை நின்றது, கிளையும் அந்த இடத்திலேயே நின்றது. இன்னொரு தரம் இடித்தாள்.

"இதான் வேணும்," என்றாள்.

"தடிக் கட்டைக்கு இன்னா பண்ணுவ? வேலை கெட்டுப்பூடும்."

"ரம்பத்தால பொளந்து போடு. வேலை போனா போவட்டும்யா."

வழிநெடுக உத்தமன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அவளுக்கும் பயம்தான். செயலாளருக்குச் சின்ன மிஷின் பிடிக்காவிட்டால் எல்லாம் கையை விட்டுப் போய்விடும்.

மறுவாரம் அடுக்குமாடியில் வேலை காட்டப் போனபோது கஸ்தூரிரங்கன் பச்சை மிஷினை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மரத்தின் மேலிருந்த உத்தமன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"என்னம்மா, வாய் இவ்வளவு சின்னதா இருக்கு? இதைவிடப் பெரிசு கிடைக்கலியா?"

"கெடைச்சுது சார்," என்றாள் அன்னம்மாள். "எம் புருஷன் உள்ள போவாத சைஸா பாத்து எடுத்தேன்."