மாஸ்டரின் காந்தம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் வேலை செய்யும் கடையில், கல்லாப் பெட்டிக்குக் கீழே ஒரு லாடக் காந்தம் கிடக்கிறது. சிவப்புப் பூச்சு உரிந்துவிட்டது. போன கிழமை அதைக் கேட்டு எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் வந்தார்கள். செத்துப்போன மாஸ்டர் பெயரில் சுற்றுப்போட்டி வைக்கிறார்களாம். காந்தத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை போட வேண்டுமாம். “யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு இவர்களில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

மாஸ்டர் எங்கள் கல்லூரியின் முதல் உதைபந்தாட்டப் பயிற்றுநர். ஆனால் வாத்தியாரில்லை. கிழக்குக் கரையில் கனிம மணல் அள்ளும் இடத்தில் கெமிஸ்ட். கறுப்பு மணலில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற வேலை. லீவில் யாழ்ப்பாணம் வந்தால் வீட்டுக்குப் போகமுதல் மைதானத்துக்குத்தான் வருவார். பந்தை எப்படி உதைப்பது என்று அவர் அதிகம் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. எங்களை ஓடவிட்டுவிட்டு, கலப்படச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார். கால் நோகுது என்றால் காலைப் பார்ப்பார். நோகவில்லை என்றால் இன்னும் கிட்ட வந்து பார்ப்பார்.

ஆட்டம் தொடங்கமுதல் இந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கோல் வாசலில் குறுக்கும் மறுக்கும் இழுப்பார். நாங்கள் வெறுங்காலோடு விளையாடிய காலம். ஆணி, முட்கம்பித் துண்டு, ஷெல் சிதறல் என்று ஒட்டிக்கொண்டு வரும். எதிர் அணிக்காரருக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. கோல் வாசலில் மந்திரிச்ச தேசிக்காய் புதைக்கிற சனம் நாங்கள். ஒரு மனுசன் குனிந்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, கோலுக்குக் குறுக்கே கயிறு இழுத்தால் செய்வினை என்றுதான் நினைப்பார்கள். நல்ல நல்ல அடிகாரரெல்லாம் எங்கள் கோலுக்குக் கிட்ட வந்ததும் பந்தை வானத்துக்கு அடித்தார்கள். நான் கோல்காப்பாளன், பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன்.” அவருடைய மணலில் இருக்கிற கனிமங்களின் பெயர்கள். “ஏன் மாஸ்டர் உந்தப் பேர்களைச் சொல்லுறியள்?” என்று கேட்டேன். “வாயைப் பொத்திக்கொண்டு கோலைப் பார்” என்றார். ஆணி பொறுக்க வாய் அசையத் தேவையில்லை. மற்றவர்கள் பயப்படட்டும் என்று மனுசன் தெரிந்துதான் செய்கிறார் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

வயது போன பிறகு மாஸ்டரும் இந்த நாட்டுக்கு வந்து எபினேயில் மகளோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வருவார். காந்தமும் வரும். பிள்ளைகள் சப்பாத்துப் போட்டிருந்தது அவருக்குக் கணக்கில்லை. ஆர்ஜொந்தெய்ப் பக்கம் நடந்த போட்டியில் எங்கள் பொடியள் வென்றதும், தோற்ற பக்கத்துத் தகப்பன் ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில் மாஸ்டர் குனிந்து கயிறு இழுக்கிறார்.

“பாருங்கோ, கிழவன் கோலைக் கட்டிப்போட்டான்!”

கணினி வேலை பார்க்கிற மனுசன் அவர்.

சங்கத் தலைவர் மாஸ்டரிடம் வந்தார். “குறை நினையாதேங்கோ மாஸ்டர். சனம் கதைக்குது. இனி நீங்கள் கிரவுண்டுக்கு வராமல் விட்டால் நல்லது.”

“நீர் நம்புறீரோ?”

“சீச்சீ, நான் நம்பேல்லை. சனம்தான்…”

“ஆணி பொறுக்கிறதும் செய்வினையோடா, விசரா?” என்று அந்தத் தகப்பனைப் பார்த்துக் கத்தினேன். என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தான் முணுமுணுத்தது என்னவென்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரில் வென்ற ஆட்டங்களும் இப்படிப் பயப்படுத்தி வென்றவையோ என்று கேட்பார்கள் என்று நினைத்தாரோ, தெரியாது. காந்தத்தை என் கையில் தந்து, “நீதானே கோல்காப்பாளன், வைச்சிரு” என்றார். பிறகு அவர் எந்த மைதானத்துக்கும் போகவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைக்கு வருவார். தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, “ஆர் வெண்டது?” என்று மட்டும் கேட்பார். போன மாரியில் செத்துப்போனார். வராதே என்ற அதே தலைவர்தான் இப்போது மாலை வாங்கித் திரிகிறார்.

நேற்றுப் போட்டி. காந்தத்தோடு போனேன். தலைவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“தாங்கோ அண்ணை.”

“பொறும்.”

கோல் வாசலுக்குப் போய்க் கயிற்றைக் கட்டி இழுத்தேன். தலைவர் என் பின்னால் வந்தார். நான் வேண்டுமென்றே அவருக்குக் கேட்காத மாதிரி வாயை அசைத்தேன். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன். காந்தம் அவர் பக்கம் திரும்பியதும் மனுசன் கோல் கோட்டைத் தாண்டிப் பின்னுக்குப் பாய்ந்தார். சனம்தான் நம்பியதாம்!

காந்தம் நிறையப் பியர்ப் போத்தல் மூடிகள். பந்தல் போட வந்த சங்கத்தார் குடித்துப்போட்டவை. எல்லாவற்றையும் வழித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டேன்.

“இந்தாங்கோ, இதுக்கு மாலையைப் போடுங்கோ.”

காந்தம் இப்போது கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது. கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.