அடுத்தவர் டீசலில் ஊர் சுற்றியவர்கள்

எம்.ரெட்டியபட்டி ஜான்ராஜுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனைவி, ஒரு குட்டியானை. தும்பிக்கை வைத்த யானை இல்லை. சின்ன லோடு வண்டிக்கு ஊர் வைத்த பெயர். அதன் இரண்டு பக்கமும் பேனர், தலையில் ஒலிபெருக்கிக் குழாய்கள். அருப்புக்கோட்டையில் காசிராஜன் என்பவரின் பாத்திரக் கடைக்காக ஆறு வருஷம் ஊர் ஊராக விளம்பரம் போட்டவர் அவர். பந்தல்குடி, மண்டபசாலை, திருச்சுழி, பரளச்சி என்று அந்தக் குழாய்ச் சத்தம் கேட்காத தெரு கிடையாது.

விளம்பர வண்டி ஓட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் போனால் யார் காதிலும் விழாது. மெதுவாக உருட்டினால் இரண்டாவது கியரிலேயே டீசல் கரைந்துவிடும். காசிராஜனோ காலையில் பங்க்கில் அளந்து ஊற்றுகிறவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. டீசல் விலை ஏறும்போது ரூபாயில் ஏறுகிறது, இறங்கும்போது பைசாவில் அல்லவா இறங்குகிறது. ஆகவே ஜான்ராஜ் ஒரு வழி பிடித்தார். ஒவ்வொரு ஊரிலும் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பேட்டரியிலேயே ரெக்கார்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். அது ஓடி முடியும்வரை ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு குட்டித் தூக்கம். அத்தனை சத்தத்துக்குக் கீழே தூங்குவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒரே மகள் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போன பிறகுதான் மனைவி ஜெப ஷீலாவையும் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். மகள் போனதிலிருந்து ஷீலாவுக்குப் பேச்சு குறைந்துபோனது. கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மருந்து ஒருபக்கம் இருக்கட்டும். இவுகள நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நாலு இடத்துக்குப் போய்வர என்ன செலவாகும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்த ஜான்ராஜுக்குக் கிறுகிறுத்தது. மறுநாள் காலை, "ஏறு, பரளச்சி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

அதுதான் அவர்களுடைய டூர். டீசல் காசிராஜனுடையது, சோறு தூக்குச்சட்டியில். மத்தியானம் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் வேப்பமர நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கண்மாயில் தண்ணீர் இருந்தால் அதிசயம், காற்றுக்குக் குறைவில்லை. விஷயம் தெரிந்த காசிராஜன், "அம்மா ஒரு ஆளு ஏறுனதுலயா டீசலு கூடப் போகுது" என்று சிரித்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஷீலா பழைய ஷீலா ஆனாள். வெளிக்காற்று பட்டதில் தேறிவிட்டாள் என்று ஜான்ராஜ் நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் காசிராஜன் அவரைக் கடைக்குக் கூப்பிட்டார். "ஜான்ராஜு, தப்பா நெனைக்காதீக. ஒரு நா டீசல் காசுக்கு போன்ல பத்தாயிரம் பேருக்கு வெளம்பரம் காட்டுறேங்கிறாக. இனி வண்டி தேவப்படாது."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. குழாய்களைக் கழற்றி வைத்துவிட்டு ஜான்ராஜ் மல்லி மூட்டை, மிளகாய் மூட்டை என்று லோடு அடிக்கப் போனார். பிழைப்பு ஓடியது. ஆனால் லோடுக்காரர் முன்சீட்டில் ஏறிக்கொள்வதால் ஷீலாவுக்கு இடமில்லாமல் போனது. ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் லைட்டுப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜான்ராஜ் லைட்டைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷீலா, ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் மூக்கையூர் கடலுக்குப் போவோம். நம்ம டீசலு" என்றார்.

"கடலு வேணாம். பரளச்சிப் பக்கமே போவோம்."

"அங்க என்ன இருக்கு? கருவேலங்காட்டப் பாக்கவா காசு குடுத்து டீசல் ஊத்தணும்?"

"போவோம்ங்க."

பல நாளைக்குப் பிறகு அவளாக வாய்விட்டுக் கேட்ட விஷயம் அது. ஜான்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே டேங்கை நிரப்பினார்.

பரளச்சிக்கு முந்தின கிராமத்தில், பழக்க தோஷத்தில் நடுத்தெருவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பேனர் இல்லை, குழாய் இல்லை. வெறும் வண்டியை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள், மாவு அப்பிய கையோடு ஒரு பெண் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

"ஷீலாக்கா, எங்கக்கா போயிட்டீக இத்தன நாளா?"

ஷீலா இறங்கினாள். இறங்கின வேகத்தில், பிள்ளைக்குச் சளி விட்டதா, ஆட்டுக்குக் கால் சரியானதா, மாமியாரோடு சமாதானமா என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தாள். ஜான்ராஜ் வாயைப் பிளந்து பார்த்தார். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று தான் தூங்கிக் கிடந்த நேரத்தில், இவள் ஊருக்கு ஊர் உறவு பிடித்து வைத்திருக்கிறாள்.

"இன்னைக்கு என்னக்கா தள்ளுபடி?" என்று ஒருத்தி கேட்டாள். 

"ஒண்ணும் விக்க வரல. ஒங்களப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் ஷீலா.

மாவுக்கைக்காரியின் பெயர் ரேணுகாதேவி. அவள் சொன்னாள்: "போன் நம்பரும் வாங்கி வைக்கல. ஒங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்துபோயி அருப்புக்கோட்ட கடைக்கே போனேன்க்கா. சும்மா போயி கேட்டா என்ன நெனப்பாகளோன்னு ஒரு குக்கரு வாங்கிட்டுக் கேட்டேன். வண்டி இப்ப ஓடலன்னு மட்டும் சொன்னாக."

அந்தக் குக்கரைப் போன் விளம்பரம் விற்றுக் கொடுத்ததாகத்தான் காசிராஜன் நினைத்திருப்பார். ஜான்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்க்குள் சொன்னார். வழி சொன்ன டாக்டரம்மாவுக்கா, அத்தனை வருஷம் டீசல் ஊற்றிய காசிராஜனுக்கா, முகம் தேடி வந்த இந்தப் பெண்ணுக்கா, யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரேணுகாதேவி வீட்டில் தோசை சுட்டார்கள். ஷீலா பேசிக்கொண்டே சாப்பிட்டாள், இன்னொன்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள். கிளம்பும்போது ரேணுகாதேவி, "அடுத்து எப்பக்கா வருவீக?" என்றாள்.

ஷீலா கணவர் முகத்தைப் பார்த்தாள்.

போகவர எத்தனை லிட்டர் என்று பார்க்காமல் ஜான்ராஜ் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம்" என்றார் உடனே.

வண்டி ஊரைத் தாண்டியதும் ஷீலா மெல்லக் கேட்டாள்: "அப்ப மண்டபசாலைக்கும் பந்தல்குடிக்கும் எப்பங்க போறது? அங்கயும் தேடுவாகள்ல."